பின்னுக்குச் சொன்ன மாதங்கள்

மாமாவின் கையுறைகள் நாறும். புளித்த மோரும் நனைந்த நாயும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். அம்மா அதை "வெடுக்கு" என்பார். வெடுக்கு என்றால் எங்கள் வீட்டில் மீன் மணம்தான். மாமா வந்த பிறகு அந்தச் சொல் கையுறைக்குப் போய்விட்டது. விளையாடி முடிந்த மறுநாள் காலையில் இரண்டு சோடியையும் உடுப்புக் கொடியில் விரல்கள் மேலே பார்க்கக் கவ்விவிடுவார். ஒக்லாந்தில் யூலை நடுக் குளிர்காலம், ஒன்றும் காயாது. மழை விட்டு விட்டுப் பெய்யும். பெரிய நான்கு கைகள் கொடியில் நின்று யாரையோ "நில்" என்று மறிப்பது போல் இருக்கும்.

நான் எழுதிப் பழகியவள் அல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உறைந்த இறைச்சிப் பெட்டிகளை ஏற்றி இறக்குவது வேலை. குளிருக்கு மணமில்லை என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். உண்டு. அந்தப் பெரிய கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு மாமாவின் ஐஸ் அரங்கு மணக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவின் பெயர் தவராசா. அம்மாவின் கடைசித் தம்பி. சின்ன வயதிலேயே ஒரு பெரியப்பாவோடு சுவிஸுக்குப் போனவர். அங்கே மலையடியில் ஓர் ஊரில், அகதிகளை வைத்திருந்த விடுதிக்குப் பக்கத்தில், ஒரு ஐஸ் அரங்கு இருந்ததாம். சறுக்கப் பழகுகிற பிள்ளைகளுக்குச் சும்மா சூடான சொக்கலேட் கொடுத்தார்களாம். அதைக் குடிக்கப் போனவர், சறுக்கப் பழகி, தடி பிடிக்கப் பழகி, மீசை அரும்பி முடிவதற்குள் கீழ்ப் பிரிவு அணி ஒன்றில் சம்பளத்துக்கு விளையாடத் தொடங்கிவிட்டார். எங்கள் ஆட்களில் ஐஸ் ஹொக்கிக்குச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் தன் தம்பிதான் என்று அம்மா கோயிலில் கண்டவர் எல்லோருக்கும் சொல்வார். மாமாவிடம் கேட்டால், "முதல் ஆளோ கடைசி ஆளோ, சம்பளம் வந்தது" என்பார்.

அவர் தடுப்பாட்டக்காரர். கோல் அடிப்பது அவர் வேலை இல்லை. எதிராளி முன்னால் வர வர, அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சறுக்கிப் போக வேண்டும். அவன் அடிக்க ஓங்கினால் அந்தக் கறுத்த றப்பர் வட்டுக்கு முன்னால் விழுந்து படுக்க வேண்டும். அந்த வட்டை அம்மா "கருகின வடை" என்பார். கருகின வடை பட்டு மாமாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பு கரடுமுரடாக இருக்கும். முன்பல் இரண்டு கட்டுப்பல். அதைக் கழற்றித் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டு என்னைப் பயம் காட்டுவார்.

அப்பா பஸ் ஓட்டினார். அவருக்கு மாமாவைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

"மச்சான், நீ ஒரு கோலும் அடிக்கேல்ல எண்டால் உனக்கு என்னத்துக்கு அவங்கள் சம்பளம் தந்தவங்கள்?"

"அடிக்க விடாததுக்கு, அத்தான்."

"அப்ப ஒண்டும் நடக்காமல் பாக்கிறதுக்குச் சம்பளம். இது அரசாங்க உத்தியோகமெல்லோ!"

மாமா சிரிப்பார். பல் இல்லாத சிரிப்பு. அவர் அதிகம் கதைக்க மாட்டார். நானும் அவரைப் போலத்தான் வந்தேன் என்று அம்மா சொல்வார்.

சுவிஸில் வயது போகிறது, காலும் போகிறது என்ற நேரத்தில்தான் ஒக்லாந்தில் ஒரு கழகம் அவரைக் கூப்பிட்டது. பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். பெரியவர்களின் அணியில் தானும் இறங்கி விளையாட வேண்டும். பயிற்றுநரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே. விசா அந்தக் கழகத்தின் பெயரில். கழகம் விட்டால் விசாவும் போகும். சுவிஸிலும் அவர் கடதாசிகள் ஒழுங்காக இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும். தம்பியைக் கண்ணால் காணாமல் எத்தனையோ வருசம் இருந்தவர். திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் மாமா வந்து இறங்கிய நாளிலேயே வீட்டுக்குள் வந்து இருந்துவிட்டது.

மவுண்ட் ரொஸ்கிலில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் மாமா படுத்தார். ஐஸ் அரங்குக்கு வீட்டில் வைத்த பெயர் "பிரிட்ஜ்". "மாமா எங்க?" "பிரிட்ஜுக்குள்ள." சனிக்கிழமைகளில் நானும் அம்மாவும் போய்ப் பலகை வாங்கில் கம்பளி போர்த்திக்கொண்டு இருப்போம். அம்மா ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவார். பொட்டும் சேலையும் கம்பளியுமாக அவர் இருப்பதை வெள்ளைக்காரத் தாய்மார் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பழகிவிட்டார்கள். அம்மா பொரித்துக் கொண்டுவரும் ரோல்ஸுக்காகப் பக்கத்தில் வந்து இருக்கவும் தொடங்கினார்கள்.

மாமாவுக்கு ஆங்கிலம் குறைவு. அவசரத்தில் ஜெர்மன் வரும். அதைவிட அவசரத்தில் தமிழ் வரும். பிள்ளைகள் வட்டுக்குப் பின்னால் கூட்டமாக ஓடும்போது, "பின்னால! பின்னால வா!" என்று கத்துவார். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளில் மாவோரிப் பிள்ளை, சீனப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை எல்லாம் ஆளுக்காள் "பின்னால!" என்று கத்தித் தடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது பெரிய பெருமை. பள்ளிக்கூடத்தில் என் பெயரைக்கூட ஒருவரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

அவர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். வட்டைப் பார்க்காதே. தடியைப் பார்க்காதே. அவன் நெஞ்சைப் பார். மற்றதெல்லாம் ஏமாற்றும்.

இரண்டாவது குளிர்காலத்தில் அது நடந்தது. பெரியவர்களின் ஆட்டம். மாமா பின்பக்கமாகச் சறுக்கி வரும்போது ஒருவன் வந்து இடித்தான். தலை சுற்றுப் பலகையில் பட்டது. சத்தம் பெரிதில்லை. எழும்பிவிட்டார். கழகத்தில் காயம் பார்க்கிற பிசியோ பெட்டை அவரை வாங்கில் இருத்திக் கேள்வி கேட்டாள். ஐந்து சொல் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். மாமா "டிசம்பர்" என்றார். "நவம்பர்" என்றார். அதற்குப் பிறகு ஐஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவரைக் கொஞ்ச நாள் விளையாட விடவில்லை. கழகத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். நல்ல மனிசன். இன்னொரு தரம் இப்படி வந்தால் விளையாட்டை நிறுத்தத்தான் வேண்டும், நிறுத்தினால் விசாவில் எழுதியிருக்கிற வேலை இல்லாமல் போகும், தங்களால் என்ன செய்யலாம் என்று தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அம்மாவுக்கு அவர் சொன்னதில் ஒரு சொல்தான் கேட்டிருக்கும். விசா.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அதிகாரிகள் விசாரிக்கக் கூப்பிட்ட நாளில் அப்பா ஒரு தேதியில் தடுமாறினார். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள் எது என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்தார். அவ்வளவுதான். யோசித்ததை எழுதிக்கொண்டார்கள். சொல்வதை நம்ப முடியாது என்று முதல் முறை மறுத்துவிட்டார்கள். நான் அப்போது கைக்குழந்தை. மேல்முறையீட்டில் சரி வரும்வரை அம்மா நித்திரை கொள்ளவில்லையாம். இரண்டாம் முறைக்கு அவரும் அப்பாவும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து, ஒருவர் அதிகாரியாகி மற்றவரைக் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். எங்களைப் போல வந்த எல்லா வீடுகளிலும் அந்த மேசை இருந்தது. கேட்டதற்கு உடனே பதில் வர வேண்டும். உண்மைக்குக்கூடப் பாடமாக்கல் தேவை. "கேக்கிறவனுக்கு முன்னால யோசிக்கப்படாது. யோசிச்சால் பொய் எண்டு எழுதுவினம்." இது அம்மா எனக்குப் பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் சொன்ன புத்தி.

ஆகவே பிசியோ பெட்டையின் கேள்வியும் அம்மாவுக்கு விசாரணைதான். தலைக்குள் என்ன நடந்தது என்று பார்க்கிற கேள்வி அது என்று அவர் நினைக்கவில்லை. நாட்டில் வைத்திருப்பதா அனுப்புவதா என்று கேட்கிற கேள்வி என்றுதான் விளங்கிக்கொண்டார். வீட்டில் ஒருவரும் வேறு மாதிரி விளங்கவில்லை. மாமாவும்தான்.

கழகத்துப் பெரியவர் வந்துபோன அன்று பின்னேரமே குசினி மேசை திரும்ப வந்தது.

"இரு தம்பி. நான்தான் அந்தப் பெட்டை. சொல்லு."

"அக்கா, எனக்குத் தலை இடிக்குது."

"அங்கயும் இடிக்கும். சொல்லு."

அந்தப் பெட்டை எப்போதும் அதே ஐந்து சொல்லைத்தான் கேட்பாள் என்று மாமா சொன்னார். யானை, சப்பாத்து, எலுமிச்சை, கதவு, மணல். அது சுகமாகப் பாடமாகிவிட்டது. மாதம்தான் பிடிபடவில்லை. செப்டெம்பரில் நின்றுவிடுவார். பிறகு ஓகஸ்டை விட்டுவிட்டு யூலைக்குப் போய்விடுவார். அம்மா யோசித்துவிட்டு, அதைப் பாட்டாக்கினார். வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் தேவாரம் பாடுகிறவர். அந்த இராகத்திலேயே, கண்ணை மூடி, டிசம்பர் நவம்பர் ஒக்டோபர் என்று இழுத்து, யூலையில் ஒரு சுழி போட்டு, யனவரியில் கொண்டுபோய் இறக்கினார்.

அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சிவசிவ! என்னடி இது, எந்தக் கோயில் பதிகம்?"

"விசாப் பிள்ளையார்" என்றார் மாமா.

சிரித்துச் சிரித்து அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் அதுதான் பாட்டு. அம்மா மரக்கறி வெட்டும்போது பாடுவார். நான் குளிக்கும்போது பாடுவேன். அப்பாகூட பஸ்ஸில் வாய்க்குள் பாடியிருக்கிறார். மாமா கையுறையைக் கொடியில் போடும்போது பாடுவார். பின்னுக்குப் போவது அவருக்குப் பழக்கம்தானே, பிடித்துக்கொண்டார்.

அடுத்த அடி நான் பார்க்க விழுந்தது. ஒருவன் முழங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாமா விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்தார். அம்மாவின் கை என் கையைப் பிடித்தது. பிசியோ பெட்டை ஓடினாள். வாங்கில் இருத்தினாள். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். சத்தம் கேட்காது. மாமாவின் வாய் அசைவதை மட்டும் பார்த்தோம். அம்மாவின் வாயும் அசைந்தது. எனக்கு அது இப்போதும் தெரிகிறது: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வாய், இந்தப் பக்கம் ஒரு வாய், இரண்டும் ஒரே மாதிரி. யனவரி வந்ததும் பெட்டை தலையாட்டினாள். அவரைக் கைதட்டி உள்ளே விட்டார்கள்.

அன்றைக்கு வீட்டில் பாயசம். மாமா இரண்டு வாய் குடித்துவிட்டுப் போய்ச் சத்தி எடுத்தார். "முந்திரிகை கூடிப்போச்சு" என்றார் அம்மா.

பிறகும் அடிகள் பட்டன. ஒவ்வொரு முறையும் பாட்டுச் சரியாக வந்தது. விசா நீண்டது. கடைசியில் நிரந்தர வதிவிடம் வந்தது. அம்மா கோயிலில் பொங்கி எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது மாமா கொடிக்கு முன்னால் ஒரு கையுறையைப் பிடித்தபடி நின்றார். எதற்காக அதைப் பிடித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் அது எழுதியிருந்தது. நான் வாங்கிக் கொடியில் போட்டேன். "நன்றி மிஸ்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

வதிவிடம் வந்த பிறகு விளையாடுவதை விட்டார். பழக்குவதை விடவில்லை. அவருக்குக் கீழே பழகிய பிள்ளைகள் சிலர் நாட்டுக்காகவும் விளையாடினார்கள். நல்ல பயிற்றுநர் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மை. பெயர்கள்தான் முதலில் போயின. பெயர் வராவிட்டால் "டேய் தடுப்பு" என்று கூப்பிடுவார். பிள்ளைகள் அதையும் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, பயிற்சி நடந்துகொண்டிருக்க, ஐஸை விட்டு இறங்கி, கதவைத் திறந்து, தெருவில் நடந்து போய் பஸ் தரிப்பில் நின்றிருக்கிறார். காலில் சறுக்குச் சப்பாத்தோடு. அந்தப் பக்கமாக வந்த ஒரு தாய்தான் அவரைக் கண்டு கூட்டிவந்தார். சப்பாத்தின் கத்தி இரண்டும் சீமெந்தில் உரஞ்சி மழுங்கிப் போயிருந்தன. எங்கே போக நின்றீர்கள் என்று கேட்டதற்கு, மலையடி விடுதிக்கு என்றாராம்.

கழகம் கேக் வெட்டி அனுப்பிவைத்தது. டொக்டர்மார் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பட்ட அடிகள்தான் காரணமாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள். முந்தி ஏதாவது அறிகுறி இருந்ததா, சோதித்தார்களா என்று கேட்டார்கள். "சோதிச்சவை. எல்லாம் பாஸ்" என்றார் அம்மா.

இப்போது அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. மாமாவுக்கு அறுபதுகூட ஆகவில்லை. நான் வேலைக்குப் போனால் வீட்டில் அவர்கள் இருவரும்தான். மாமா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்விடுவார். கதவைத் திறந்து தெருவுக்கு இறங்கிவிடுவார். அம்மா கைத்தடியோடு வாசலில் நின்று "தம்பி, தம்பி" என்று கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை பிடித்துத் தந்தார். பகலில் ஓர் ஆள் வந்து கூட இருந்தால் போதும். அரசாங்கம் அப்படி ஆள் தரும். ஆனால் முதலில் ஒருவர் வந்து, உண்மையிலேயே தேவையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன யூலையில் அந்தப் பெண் வந்தார். நல்லவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். அடுப்பைப் பற்றி வாசலிலேயே சொல்லிவிட்டேன். மாமாவுக்கு முன்னால் சொல்ல வாய் வராது என்று தெரியும். மாமா சேட்டுப் போட்டு, தலை இழுத்து, குசினி மேசையில் நிமிர்ந்து இருந்தார். ஆள் வந்தால் அவருக்கு அந்த நிமிர்வு வரும்.

பெண் மெதுவாகக் கேட்டார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடியுமா?

மாமா கண்ணை மூடினார். பாடினார். டிசம்பரிலிருந்து யனவரி வரை, சுழி ஒன்றும் பிசகாமல். பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு அழகாக ஒருவரும் சொன்னதில்லை என்றார். மாமா பல்லைக் காட்டிச் சிரித்தார்.

பிறகு கேட்டார். இது என்ன மாதம்?

 மாமா பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெறும் கொடி. மழை. அவருக்குத் தெரியவில்லை.  ஒருபோதும் இப்படி நினைத்ததில்லை, ஆனால் நினைத்தேன்: தடுமாறட்டும். கடவுளே, இந்த ஒருமுறை தடுமாறட்டும். பெண் பேனையை எடுத்தார். எழுதக் குனிந்தார்.

"யூலை" என்றார் அம்மா.

மெதுவாகத்தான் சொன்னார். இராகத்தோடு சொன்னார். மாமா உடனே பிடித்துக்கொண்டார். "யூலை, யூன், மே, ஏப்ரல்..."

பெண் சிரித்துவிட்டுப் பேனையை வைத்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மாமா அந்த வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் "அம்மா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. போகும்போது பெண் என்னிடம், அவர் நன்றாகச் சமாளிக்கிறார், இப்படிப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் கிடைப்பது பெரிய விஷயம், இப்போதைக்கு ஆள் தேவைப்படாது, மோசமானால் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். நான் திரும்பவும் அடுப்பைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மாவைப் பார்த்தேன். ஏசத்தான் வந்தேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டு இருந்தார். ஒன்றும் சிந்தாத மேசை.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அவள் பேனையை எடுத்தாளெல்லோ. என்ர வாய் நிக்கேல்ல."

அந்த ஐஸ் அரங்கு இன்னும் இருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். வேறு பயிற்றுநர். பிள்ளைகள் வட்டுக்குப் பின்னால் கூட்டமாக ஓடுகிறார்கள். ஒருவரும் "பின்னால" என்று கத்தவில்லை. அம்மா இருந்த பலகை வாங்கு இல்லை, பிளாஸ்டிக் கதிரைகள். கையுறைகளை எப்போது யார் எறிந்தது என்று தெரியாது. வெடுக்கு என்ற சொல் எங்கள் வீட்டில் மீனுக்கே திரும்பிப் போய்விட்டது. பாட்டு மட்டும் போகவில்லை. போக வேண்டியது அதுதான்.

வருகிற மாதம் அந்தப் பெண் திரும்ப வருகிறார். நான் கெஞ்சிக் கூப்பிட்டேன். அன்றைக்கு அம்மா வீட்டில் நிற்க வேண்டாம், காலையிலேயே கோயிலில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். சரி என்றார். சேலைகூட எடுத்து வைத்தார். நேற்று வேலைக்கு வெளிக்கிடும்போது வாசலில் என் கையைப் பிடித்தார்.

"நான் கோயிலுக்குப் போகேல்ல பிள்ளை. நான் பக்கத்தில இல்லாட்டி அவன் தடுமாறிப்போவான்."